மின்கட்டணம் ஏன் கூடுகிறது? யூனிட்டிலிருந்து தொடங்கிக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

மின்கட்டணம் திடீரென்று கூடிவிட்டது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஒப்பிட்டுப் பார்ப்பது ரூபாயைத்தான். சென்ற முறை 1,680 ரூபாய் வந்தது, இந்த முறை 2,200 ரூபாய் வந்திருக்கிறது என்றவுடன் மீட்டர் வேகமாக ஓடுகிறது என்றோ, கணக்கெடுக்க வந்தவர் தவறாகக் குறித்துவிட்டார் என்றோ முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கான கட்டணம், செலவான யூனிட்டுகளுக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. படிப்படியாக ஏறுவதோடு ஓரிடத்தில் குதிக்கவும் செய்கிறது. ஆகவே தொகையை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் காரணம் அகப்படாது. யூனிட்டைப் பிடித்துக்கொண்டுதான் தேட வேண்டும். எதை முதலில் சந்தேகிப்பது, எதை அடுத்துப் பார்ப்பது, எதைப் பொருட்படுத்தவே வேண்டாம் என்பதை அந்த வரிசையிலேயே கீழே சொல்லியிருக்கிறேன்.

500 யூனிட் என்னும் எல்லை

வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. முதல் 100 யூனிட் 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் இலவசம். 2024 ஜூலையில் திருத்தப்பட்ட கட்டணத்தில், அரசு மானியம் போக நுகர்வோர் கட்ட வேண்டியது இதுதான்: மொத்தச் செலவு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை 6.30 ரூபாய். 2025 ஜூலையில் கட்டணம் மீண்டும் உயர்ந்தபோது வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது.

மொத்தச் செலவு 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே மாறுகிறது. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகை போய்விடும். அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 ரூபாய் ஆகிவிடும். 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8.40 ரூபாய், 601 முதல் 800 வரை 9.45 ரூபாய், 801 முதல் 1,000 வரை 10.50 ரூபாய், அதற்கு மேல் 11.55 ரூபாய்.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 250 யூனிட் செலவான வீட்டுக்கு 470 ரூபாய். அதன் இருமடங்கான 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், அதாவது ஏறக்குறைய நான்கு மடங்கு. 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்! 600 யூனிட்டுக்கு 2,880 ரூபாயும், 800 யூனிட்டுக்கு 4,770 ரூபாயும் வரும். ஆகவே 480, 490 என்று ஓடிக்கொண்டிருந்த வீட்டில் ஒரு விருந்தாளி பத்து நாள் தங்கிச் சென்றாலே அறுநூறு எழுநூறு ரூபாய் கூடிவிடலாம். அங்கே மீட்டரிலும் பழுதில்லை, வீட்டிலும் யாரும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.

இதனால் முதல் வேலை, கடந்த ஆறு கணக்கீடுகளின் யூனிட்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்வது. வெள்ளை அட்டையில் குறிப்பு இருந்தால் அதிலிருந்தும், இல்லையென்றால் மின்வாரிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்தும் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஏப்ரல்–மே யூனிட்டைச் சென்ற ஏப்ரல்–மே யூனிட்டோடுதான் ஒப்பிட வேண்டும். பிப்ரவரி–மார்ச்சோடு ஒப்பிட்டால் கோடை வந்துவிட்டது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவராது. யூனிட் ஏறக்குறைய அதே அளவில் இருந்து தொகை மட்டும் கூடியிருந்தால், கட்டணத் திருத்தமோ எல்லை தாண்டியதோதான் காரணம். கூடுதல் வைப்புத்தொகை, முந்தைய நிலுவை போன்றவை அதே தொகையோடு சேர்ந்து வந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். இவை மின்சாரச் செலவே அல்ல.

வீட்டுக்கு வெளியே இருக்கும் காரணங்கள்

யூனிட் உண்மையாகவே கூடியிருந்தாலும், கருவிகள் பக்கம் போவதற்கு முன் கணக்கெடுத்த நாளைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 8 யூனிட் செலவாகும் வீட்டில் 60 நாளில் 480 யூனிட் ஆகும். கட்டணம் 1,679 ரூபாய். கணக்கெடுப்பு ஐந்து நாள் தள்ளிப் போனால் 520 யூனிட் ஆகி, தொகை 2,208 ரூபாயாக உயர்கிறது. அடுத்த முறை 55 நாளுக்கு 440 யூனிட்தானே வரும், சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் அந்த அடுத்த கணக்கீட்டில் குறைவது 252 ரூபாய் மட்டுமே. மீதி 277 ரூபாய் திரும்பி வராது. மாதந்தோறும் கணக்கெடுக்க வேண்டும் என்று கேட்பவர்களின் வாதத்துக்கு இதுவும் ஒரு காரணம். கணக்கீட்டுத் தேதி தள்ளிப் போனதால் எல்லை தாண்டியிருந்தால், இரண்டு தேதிகளையும் இரண்டு மீட்டர் எண்களையும் குறிப்பிட்டுப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்பதால் பலன் இருப்பதில்லை.

வீடு பூட்டியிருந்தால் முந்தைய கணக்கீட்டை அடிப்படையாகக் கொண்டு தொகை போடுவார்கள். அடுத்த முறை மீட்டரைப் பார்க்கும்போது நான்கு மாதச் செலவும் சேர்ந்து தெரியும். 2020-இல் ஊரடங்கின்போது மாநிலம் முழுவதும் இப்படித்தான் நடந்தது. அந்தக் கணக்கீட்டு முறை பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. வெளியூர் செல்பவர்கள் மீட்டர் எண்ணைத் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் பேசுவதற்கு ஆதாரமாக இருக்கும்.

அடுத்தது, ஒரே மீட்டரில் இரண்டு குடித்தனங்கள் இருப்பது. சென்னையிலும் கோவையிலும் பழைய வீடுகளைப் போர்ஷன்களாகப் பிரித்து வாடகைக்கு விடும்போது சப் மீட்டர் மட்டும் வைத்துவிடுகிறார்கள். தலா 300 யூனிட் செலவிடும் இரண்டு குடும்பங்களுக்குத் தனித்தனி இணைப்பு இருந்தால் ஆளுக்கு 705 ரூபாய் வரும், இருவருக்குமாக 1,410. அதே 600 யூனிட் ஒரே இணைப்பில் ஓடினால் 2,880 ரூபாய். இலவச 100 யூனிட்டும் ஒரு பங்குதான் கிடைக்கும். வாடகைக்கு வருபவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளில், தனி மீட்டர் உண்டா என்பது தண்ணீர் வருமா என்பதற்கு அடுத்த இடத்திலாவது இருக்க வேண்டும். மாடிப்படி விளக்கும் பொது மோட்டாரும் யாருடைய மீட்டரில் ஓடுகின்றன என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பொது மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு உங்கள் மீட்டரில் மின்னும் சிறு விளக்கைக் கவனித்தால் உண்மை தெரிந்துவிடும்.

புதிதாகக் கட்டிய வீட்டில் இருப்பவர்கள், கட்டுமானத்துக்காக வாங்கிய தற்காலிக இணைப்பு வீட்டு இணைப்பாக மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டண ரசீதில் வீதப்பட்டி என்ற இடத்தில் வீட்டு இணைப்புக்கு 1ஏ என்று இருக்க வேண்டும். மாற்றாமல் விட்டால் இலவச யூனிட்டும் இல்லை, அடுக்குச் சலுகையும் இல்லை.

மீட்டரை நீங்களே படியுங்கள்

இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வரும் எண்ணை மட்டும் வைத்து எந்தக் கருவி எவ்வளவு இழுக்கிறது என்று சொல்ல முடியாது. ஞாயிறுதோறும் காலை ஒரே நேரத்தில் மீட்டர் எண்ணை எழுதி வையுங்கள். மின்னணு மீட்டரின் திரையில் பல எண்கள் மாறி மாறி வரும், அவற்றில் கே.டபிள்யூ.ஹெச். என்ற ஆங்கில எழுத்துகளோடு வருவதுதான் யூனிட். மற்றவை மின்னழுத்தம், மின்னோட்டம், நேரம் முதலியன. தவறான எண்ணைக் குறித்துக்கொண்டு வாரியத்தோடு சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு.

நான்கு வாரம் எழுதிவிட்டால் உங்கள் வீட்டின் ஒரு நாள் செலவு தெரிந்துவிடும். அதை 60-ஆல் பெருக்கினால் அடுத்த கணக்கீடு எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். 500-க்குள் நிற்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு 8.3 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது. கணக்கீட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது, சென்ற கணக்கீட்டிலிருந்து செலவானது 440 யூனிட் என்றால், அந்தப் பத்து நாளில் மட்டும் ஏ.சி.யைக் குறைத்துக்கொள்வது முந்நூறு ரூபாய்க்கு மேல் மிச்சப்படுத்தும். 700-ஐத் தாண்டிவிட்ட வீட்டில் அதே பத்து நாள் சிக்கனத்துக்கு யூனிட் விலை மட்டுமே மிஞ்சும்.

ஒரு யூனிட் என்பது 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடுவது. கருவியின் வாட் எண்ணை, ஓடும் மணி நேரத்தால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். இந்த ஒரு வாய்ப்பாட்டைத் தவிர வேறு கணக்கு எதுவும் இனி வேண்டியதில்லை.

குளிர்விப்பவையும் சூடாக்குபவையும்

தமிழ்நாட்டு வீடுகளில் கட்டணத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஏ.சி.தான். ஒன்றரை டன் அளவுள்ள, கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் வசதி இல்லாத பழைய ஏ.சி., கம்ப்ரசர் ஓடும்போது சுமார் 1,600 வாட் இழுக்கும். இரவில் எட்டு மணி நேரம் போட்டு, அதில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் கம்ப்ரசர் ஓடுவதாக வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 510 யூனிட் ஆகும். மற்றச் செலவுகள் 250 யூனிட் உள்ள வீட்டில் இது சேரும்போது மொத்தம் 760 யூனிட். கட்டணம் 470 ரூபாயிலிருந்து 4,392 ரூபாய்க்குத் தாவுகிறது.

புதிய ஏ.சி. வாங்கும்போது அதன் மேல் இருக்கும் ஒட்டுச்சீட்டில் நட்சத்திரங்களை எண்ணுவதை விட, அதில் அச்சாகியிருக்கும் ஆண்டு யூனிட் எண்ணைப் படிப்பது நல்லது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு அந்த எண்ணை ஆண்டுக்கு 1,600 மணி நேரப் பயன்பாட்டுக்குக் கணக்கிடுகிறது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 480 மணி நேரம், அதாவது அதில் 30 விழுக்காடு. சீட்டில் 800 என்று இருந்தால் ஒரு கணக்கீட்டுக் காலத்துக்குச் சுமார் 240 யூனிட் என்று எடுத்துக்கொள்ளலாம். கத்திரி வெயிலில் அது கூடும். மேலே சொன்ன வீட்டில் இந்த ஏ.சி. இருந்தால் மொத்தம் 490 யூனிட், கட்டணம் 1,742 ரூபாய். பழைய ஏ.சி.க்கும் புதியதற்கும் இரண்டு மாதத்தில் 2,650 ரூபாய் வித்தியாசம் வருகிறது. இவ்வளவு பெரிய வித்தியாசம் எல்லை தாண்டாததால்தான் வருகிறது என்பதையும் கவனியுங்கள். இன்னொன்று: நட்சத்திர அளவுகோல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாக்கப்படுகிறது. ஆகவே கடையில் பழைய இருப்பில் கிடைக்கும் ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல; சீட்டில் இருக்கும் ஆண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இருக்கும் ஏ.சி.யிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது மேற்சொன்ன அமைப்பின் மதிப்பீடு. 2020 முதல் விற்கப்படும் ஏ.சி.க்கள் தொடங்கும்போதே 24 டிகிரியில் இருக்க வேண்டும் என்ற விதியும் அதனால்தான் வந்தது. அறை சீக்கிரம் குளிர வேண்டும் என்று 18 டிகிரியில் வைப்பதால், சாதாரண ஏ.சி. வேகமாகக் குளிர்விக்காது, நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 26 டிகிரியில் வைத்து மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் சுழல விட்டால் பெரும்பாலோருக்குத் தூக்கம் கெடாது. உள்ளிருக்கும் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். மொட்டை மாடியில் நேர் வெயிலில் நிற்கும் வெளிப்புறப் பெட்டிக்கு மேலே, காற்றோட்டத்தைத் தடுக்காதபடி ஒரு நிழல் அமைத்துக் கொடுங்கள். குளிர் போதவில்லை, கம்ப்ரசரும் நிற்பதில்லை என்றால் ஏ.சி.யின் உள்ளே குளிர்விக்கும் கேஸ் கசிந்திருக்கலாம்; அந்த நிலையில் இரவு முழுவதும் ஓட்டுவது, குளிரும் இல்லாமல் பணத்தையும் இழப்பதாகும்.

கீசரின் கணக்கு வேறு மாதிரியானது. 20 லிட்டர் தண்ணீரை 13 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 0.3 யூனிட் வேண்டும். நான்கு பேர் ஆளுக்கு ஒரு வாளி என்றால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். இது இயற்பியல் கேட்கும் அளவு. இதைக் குறைக்க முடியாது, ஷவரில் பத்து நிமிடம் நின்றால் கூட்டத்தான் முடியும். வீணாவது, சுவிட்சை அணைக்காமல் விடுவதால்தான். யாரும் குளிக்காத நேரத்திலும் தொட்டியில் உள்ள தண்ணீர் ஆற ஆற, கீசர் மீண்டும் மீண்டும் சூடாக்கிக்கொண்டே இருக்கும். உப்புத் தண்ணீர் வரும் பகுதிகளில் சூடேற்றும் கம்பியின் மேல் உப்புப் படிந்து, சூடாக நேரம் பிடிக்கும். அத்தகைய வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். சென்னை மாதிரியான ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் மாடித் தொட்டித் தண்ணீரே சுடும்போதும் பழக்கத்தால் கீசர் போடுபவர்களுக்கு நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

எரிவாயு உருளை தீர்ந்துபோய், இண்டக்ஷன் அடுப்பில் பத்து நாள் சமைத்ததை மறந்துவிட்டு மீட்டரைக் குறை சொல்வதும் அடிக்கடி நடப்பதுதான். 2,000 வாட் அடுப்பு ஒன்று, சமையலுக்குத் தகுந்தபடி, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு யூனிட்டை எளிதாக எடுத்துக்கொள்ளும்.

ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருப்பவை

மின்விசிறியை யாரும் சந்தேகிப்பதில்லை. சாதாரண மின்விசிறி முழு வேகத்தில் 75 வாட் எடுக்கும். மூன்று மின்விசிறிகள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால் இரண்டு மாதத்தில் 162 யூனிட். பி.எல்.டி.சி. என்னும் குறைந்த மின்சார மோட்டார் வகை மின்விசிறி அதே காற்றுக்கு 30 வாட் அளவில்தான் எடுக்கும் என்பதால் அது 65 யூனிட்டாகக் குறையும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. கூடத்திலும் படுக்கையறையிலும் அதிக நேரம் சுழலும் ஒன்றிரண்டை முதலில் மாற்றினால் போதும். விருந்தினர் அறையில் மாதத்துக்கு நான்கு நாள் சுழலும் மின்விசிறியை மாற்றிப் பயனில்லை. சுவரில் இருக்கும் பழைய பெரிய ரெகுலேட்டரைத் தொட்டால் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள்; வேகத்தைக் குறைத்தும் மின்சாரம் அந்த அளவுக்குக் குறையாமல், ஒரு பகுதி அந்தச் சூடாக வெளியேறுகிறது.

ஃபிரிட்ஜ் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. பதினைந்து ஆண்டுகள் ஓடிய பெரிய ஃபிரிட்ஜ் ஒன்று, நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் வரை எடுத்துக்கொண்டிருப்பது அரிதல்ல; இரண்டு மாதத்துக்கு அது 90 முதல் 120 யூனிட். கதவின் ரப்பர் தளர்ந்திருந்தால் இன்னும் கூடும். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். சுவரை ஒட்டியும் அடுப்புக்கு அருகிலும் ஃபிரிட்ஜை வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சமையலறை கட்டும்போதுதான் மறந்துபோகும். புதிய ஃபிரிட்ஜ் வாங்கி, பழையதைக் குடிதண்ணீர்ப் பாட்டில்களுக்காக மாடியில் ஓட விடும் வீடுகளில் செலவு குறைவதற்குப் பதில் கூடிவிடுகிறது.

தண்ணீர் மோட்டார் ஒரு குதிரைத்திறன் என்றால் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். அரைமணி நேரத்தில் நிரம்பிய மேல்நிலைத் தொட்டி இப்போது ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒன்று நடந்திருக்கிறது: உறிஞ்சுகுழாயின் அடியில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஃபுட் வால்வு கசிகிறது, ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் இறங்கியிருக்கிறது, அல்லது மோட்டாரின் உள்ளே தேய்ந்துவிட்டது. கழிவறைத் தொட்டியில் இரவும் பகலும் ஒழுகும் தண்ணீரையும் அந்த மோட்டார்தான் மேலே ஏற்றுகிறது. அந்த ஒழுகலை நிறுத்த ஒரு ரப்பர் வாஷர் போதும். நாளுக்கு அரைமணி நேரம் கூடுதலாக ஓடினாலே இரண்டு மாதத்துக்கு 30 யூனிட் ஆகிவிடும்.

மின்தடைக்காக வைத்திருக்கும் யு.பி.எஸ். பேட்டரி பழசாகிவிட்டால் மின்தடையே இல்லாத நாளிலும் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து 40 வாட் எடுத்தால்கூட இரண்டு மாதத்தில் 57 யூனிட். பேட்டரி தொட்டால் சுடுவதும், அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருப்பதும் அதற்கான அறிகுறிகள். தொலைக்காட்சியை அணைத்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் செட்டாப் பெட்டி 12 வாட் எடுத்தால் 17 யூனிட். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் அதில் பெரும்பகுதி மிச்சம். பழைய சோக் வைத்த குழல்விளக்கு 50 வாட்டுக்கு மேல் எடுக்கும். அதே வெளிச்சத்துக்கு எல்.இ.டி. 20 வாட்தான் எடுக்கும்.

மிக்ஸியும் கிரைண்டரும் அநியாயமாகப் பழி சுமப்பவை. 750 வாட் மிக்ஸி நாளுக்குப் பத்து நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஏழரை யூனிட். மேசைக் கிரைண்டரில் வாரம் இரண்டு முறை மாவரைத்தால் அதைவிடக் குறைவு. சுவரில் செருகியபடியே விட்டுவிடும் கைப்பேசிச் சார்ஜரால் கட்டணம் கூடும் என்பதும் கணக்கில் நிற்காது. செருகி வைத்தால் கட்டணம் பாதியாகும் என்று விளம்பரம் செய்து விற்கப்படும் மின்சேமிப்புப் பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை: அவற்றின் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு மின்தேக்கி. வீட்டு மீட்டர் கணக்கிடும் யூனிட்டை அது குறைப்பதில்லை. வாங்காதீர்கள்.

மீட்டரையும் ஒயரிங்கையும் சோதிப்பது

இவ்வளவும் பார்த்த பிறகும் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் மட்டுமே மீட்டர் பக்கம் போக வேண்டும். மின்னணு மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மின்சாரச் செலவுக்குத் தகுந்தபடி மின்னிக்கொண்டிருக்கும். வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளையும் அணைத்து, ஃபிரிட்ஜ், யு.பி.எஸ். ஆகியவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மெயின் சுவிட்சை மட்டும் போட்ட நிலையில் அதைக் கவனியுங்கள். விளக்கு மின்னுவது தொடர்ந்தால் வீட்டுக்குள் எங்கோ மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்து மெயின் சுவிட்சையும் அணையுங்கள். நின்றுவிட்டால் கோளாறு வீட்டின் ஒயரிங்கில் இருக்கிறது. ஈரம் ஊறிய சுவரில் கசிவு, கீசர் அல்லது மோட்டாரின் உள்ளே கசிவு, பக்கத்துப் போர்ஷனோடு கலந்துவிட்ட கம்பி ஆகிய மூன்றும் வழக்கமான காரணங்கள். மெயினை அணைத்தும் நிற்கவில்லை என்றால் மீட்டருக்கும் மெயினுக்கும் இடையில் யாரோ இணைப்பு எடுத்திருக்கலாம், அல்லது மீட்டரே பழுதாக இருக்கலாம். பல மீட்டர்களில் நிலக்கசிவை, அதாவது மின்சாரம் தரைக்குக் கசிவதை, காட்டத் தனி விளக்கும் உண்டு; அது எரிந்தால் உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைத்துப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. கசிவு கட்டணத்தைவிட உயிருக்கே கெடுதி. ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் தடுப்பான் இல்லாத வீடுகள் அதைப் பொருத்திக்கொள்வதும் நல்லது. மீட்டர் பெட்டியின் முத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் தொட வேண்டாம். அது சட்டப்படி குற்றம்.

மீட்டர் வேகமாக ஓடுகிறதா என்பதையும் ஓரளவு நீங்களே பார்க்கலாம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை விளக்கு மின்னும் என்ற எண் மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது 3200 என்று வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தண்ணீர் நிறைந்த வாளியில் 1,000 வாட் சூடேற்றும் கம்பியை மட்டும் போட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 53 முறை மின்ன வேண்டும். கம்பி இயங்கும்போது வாளியையும் தண்ணீரையும் தொடாதீர்கள். மின்னழுத்தம் குறைவாக இருந்தால் எண்ணிக்கையும் குறையும். ஐந்து ஆறு கூடக் குறைய இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எழுபது எண்பது என்று வந்தால் சந்தேகப்பட இடமிருக்கிறது.

அப்போது பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு மீட்டரைச் சோதிக்கக் கோரி விண்ணப்பம் எழுதி, அதற்கான கட்டணத்தைச் செலுத்தி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வாரந்தோறும் எழுதிவைத்த எண்களின் பட்டியலை அதோடு இணையுங்கள்; வெறும் புகாரைவிட எண்களோடு வரும் புகாரை ஒதுக்குவது கடினம். மின்னகம் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைத்துப் புகார் எண்ணையும் பெற்றுக்கொள்ளலாம். புகார் நிலுவையில் இருக்கிறது என்பதற்காகக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டால் இணைப்பைத் துண்டித்துவிடக்கூடும். கெடு தேதிக்குள் கட்டிவிட்டு, கூடுதலாகக் கட்டியது தெரியவந்தால் அடுத்த கணக்கீடுகளில் கழித்துக்கொள்ளும்படி அதே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள். பிரிவு அலுவலகத்தில் தீர்வு கிடைக்கவில்லை என்றால் அந்தந்த மின் பகிர்மான வட்டத்தில் உள்ள மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்திலும், அங்கும் தீராவிட்டால் மின்குறை தீர்ப்பாளரிடமும் முறையிடலாம்.